‘அடுத்த வருஷம் போகலாம்’

(எமது இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடை என்றால் உயர்ந்த பொருள்களைப் பேசுவதுதான் வழக்கம். இளைஞர் கடமை என்ன, ஒழுக்கம் என்ன, ஒற்றுமை என்ன என்று சென்ற ஆண்டுகளிலே நல்லறிஞர் பலர் இங்கே பேசிச் சென்றார்கள். நாமும் கேட்டுக் கைதட்டினோம். இவ்வாண்டு அத்தகைய பொருளொன்றை எடுத்துக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. இந்த மண்டபத்துக்கு வெளியே, நம் லயங்களுக்குள்ளே, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு நட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை, ‘ஒரு வருஷம் வேலைக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் போகலாம்’ என்று நின்றுவிடுவதுதான் அந்த நட்டம். மேலைநாடுகளிலே இப்படி ஓராண்டு நிற்பதற்கு ‘கெப் இயர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இடைவெளி ஆண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். பெயரும் சொல்ல மாட்டோம், எந்தத் தோட்டம் என்றும் சொல்ல மாட்டோம். கொஸ்லந்தைக்கும் பூனாகலைக்கும் நடுவிலே எத்தனையோ லயங்கள். அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வர்த்தகப் பிரிவிலே உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு பெண்பிள்ளை. தகப்பனார் இல்லை. தாயார் கொழுந்தெடுப்பவர். தம்பிமார் இருவர். பிள்ளை கெட்டிக்காரி, நல்ல இஸட் புள்ளி பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். செய்தி வந்த அதே மாதத்திலே தாயாருக்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. கைமாற்று வாங்கினார்கள், தோடு அடகுக்குப் போயிற்று. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, ‘நான் வேலை செய்யும் புடவைக் கடையிலே ஒரு பிள்ளைக்கு இடமிருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள்’ என்றார். தாயார் சொன்ன வார்த்தை இது: ‘ஒரு வருசம் வேலைக்குப் போயிட்டு வா புள்ள, கடன அடைச்சிட்டா அடுத்த வருசம் நிம்மதியா கெம்பஸ் போகலாம்.’

அந்தத் தாயாரை யார் குறை கூற முடியும்? மாமாவும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பிள்ளையும் படிப்பை வெறுத்துப் போகவில்லை. பல்கலைக்கழக இடம் என்பது தோட்டத்துச் செக்ரோலிலே உள்ள பேரைப் போன்றது என்று மூவரும் நினைத்தார்கள். ஓராண்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால், மறுநாள் காலை பிரட்டுக்களத்திலே நின்று பேர் கொடுத்துவிடலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும் என்று நம்பினார்கள்.

பதினான்கு மாதம் கழித்து, கடனை அடைத்து, தோட்டை மீட்டு, தாயாருக்கு ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு பிள்ளை வந்தாள். கடிதத்தையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனாள். அப்போதுதான், குறித்த திகதிக்குள் பதியாதவரின் இடம் வரிசையிலே அடுத்து நின்றவருக்குப் போய்விட்டது என்பது தெரிந்தது. திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டுமானால் திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும். அவளுடைய குறிப்புக் கொப்பிகளை அடுத்த காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்து ஒரு வருஷமாயிற்று. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்து ஒன்றரை வருஷமாயிற்று. இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் கொழும்பு பஸ் ஏறினாள். இன்றும் புடவைக் கடையிலேதான் இருக்கிறாள். காசாளர் மேசைக்கு உயர்ந்திருக்கிறாள் என்று கேள்வி, எமக்கு மகிழ்ச்சிதான்.

அந்த வீட்டுக்குப் பத்து வாசல் தள்ளி எம் மன்றத்து உறுப்பினர் ஒருவர் குடியிருந்தார். பிள்ளை தெரிவானது அவருக்குத் தெரியும். கொழும்புக்குப் போனதும் தெரியும். இடம் காத்திருக்காது என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை. எமக்குள்ளே ஒருவரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்போம். நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஆண்டிலேதான் நாம் மண்டபத்துக்குப் புதிய வர்ணம் பூசினோம்.

இனி, விதி என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தாய்மார் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவுசெய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அந்தந்த ஆண்டு உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைக் கொண்டே அந்தந்த ஆண்டு அனுமதி நடைபெறும். 2001ஆம் ஆண்டு தொடக்கம் இஸட் புள்ளி என்ற கணக்கு நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களிலே 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வி வசதியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பங்கிடப்பட்டு வந்திருக்கின்றன. எமது பதுளை மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலிலே உள்ளதொன்று. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதிபெறும் பிள்ளைகளிலே ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அண்மைக்காலத்தில் இடம் கிடைக்கிறது. ஆகவே ஒருவர் பதியவில்லை என்றால் அந்த நாற்காலியை வெறுமையாக வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் நிற்பவரை உடனே அழைத்துவிடுவார்கள். அதிலே அநியாயம் ஒன்றும் இல்லை. அழைக்கப்படுபவரும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருக்கக்கூடும். ‘வீட்டுக் கடன் தீர்த்து வருகிறேன், எனக்காக ஓராண்டு வையுங்கள்’ என்று சொல்லி இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

பரீட்சையை மூன்று தடவை எழுதலாம் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் தடவை எழுதும்போது முதல் தடவைப் புள்ளி துணைக்கு வராது. வெட்டுப்புள்ளியும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். இவ்வாண்டு கிடைத்த இடம் மறு ஆண்டும் கிடைக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

பிற தேசங்களிலே எப்படி? இங்கிலாந்திலே பல பல்கலைக்கழகங்கள், ‘அடுத்த ஆண்டு வந்து சேருகிறேன்’ என்று முன்கூட்டியே விண்ணப்பிப்பவருக்கு இடத்தை வைத்திருக்கின்றன. சிங்கப்பூரிலே இளைஞர் ஈராண்டு தேசிய சேவைக்குப் போகவேண்டும். அதற்கு முன் இடம் கிடைத்தவர்களுக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேவை முடியும்வரை இடத்தை ஒதுக்கி வைக்கின்றன. அமெரிக்காவிலே அப்போது சனாதிபதியாக இருந்த பராக் ஒபாமாவின் மூத்த மகள் மாலியா, 2016இல் பாடசாலை முடித்து, ஓராண்டு கழித்து 2017இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். அந்தச் செய்தியும் படமும் உலகமெங்கும் வந்தன. நம் பிள்ளைகளும் கைத்தொலைபேசியிலே இவற்றையெல்லாம் பார்க்கிறார்கள். ‘உலகமே ஒரு வருஷம் நின்றுதான் போகிறது’ என்று ஒரு தம்பி எம்மிடம் வாதம் பண்ணினார். தம்பி, ஹாவர்ட் அந்தப் பிள்ளைக்கு நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தது. உமக்கு அப்படி வைத்திருப்பார் யார்?

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அவர்கள் ஓராண்டு நிற்பது உலகத்தைப் பார்க்க. நம் பிள்ளைகள் நிற்பது வீட்டைத் தாங்க. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா என்றுகூட எமக்கு ஐயம் உண்டு.

எமது மலைப்பக்கத்திலே நின்றுவிடக் காரணங்களுக்குக் குறைவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாளை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அன்று காலை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்திலே சேறு கிடந்தது. தப்பியவர்களைப் பாடசாலைக் கட்டிடங்களிலே தங்கவைத்தார்கள். மகல்தெனியவிலே புதிய வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று. புத்தகமும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் என்ற நிலையிலே ஒரு பிள்ளை ‘இந்த ஆண்டு என்னால் முடியாது’ என்று சொன்னால், அதைச் சோம்பல் என்று சொல்லக்கூடிய நெஞ்சு யாருக்கு உண்டு? 2020இலே தொற்று நோய் வந்தது. பாடசாலைகள் மாதக்கணக்காக மூடப்பட்டன. 2022இலே நாடே கடனிலே விழுந்தது. மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையிலே நின்றோம். இப்படி ஏதாவதொன்று வந்துகொண்டேயிருக்கும். ஆனால் பதிவுத் திகதி அதற்காக நகர்ந்து கொடுப்பதில்லை.

மூத்தோர்கள் ‘ஒரு வருஷத்தை இழப்பதா பெரிது?’ என்று கேட்கலாம். 1987 முதல் 1989 வரை நாட்டின் தென்பகுதிக் குழப்பத்திலே பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்ததும், அக்காலத்து மாணவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததும் அவர்களுக்குத் தெரியும். காத்திருந்தவர்கள் பின்னர் பட்டம் பெற்று, பெரிய உத்தியோகம் பார்த்தார்கள். உண்மைதான். அவர்கள் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். வாயில் மூடியிருந்தாலும் அவர்கள் பெயர் உள்ளே இருந்தது. நம் புடவைக்கடைப் பிள்ளையின் பெயர் உள்ளே இல்லை. எல்லா வேற்றுமையும் இந்த ஓரிடத்திலேதான் இருக்கிறது.

இதற்கு இன்னொரு வீட்டுக் கதை. ஹல்துமுல்லப் பக்கத்துத் தம்பி ஒருவர். கலைப் பிரிவு. தெரிவானதும் பதிந்தார், போனார், முதலாண்டு வகுப்பும் தொடங்கிற்று. மூன்றாம் மாதம் தகப்பனாரைக் கொழுந்து மலையிலே குளவி கொட்டி ஆஸ்பத்திரியிலே போட்டார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் பழையபடி எழுந்து நடமாட நாளாயிற்று. தம்பி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ‘இனிப் போகமாட்டேன், தங்கச்சிமார் இருக்கிறார்கள்’ என்றார். அவரோடு அறையிலே இருந்த மூத்த மாணவர் ஒருவர், மலைநாட்டுப் பிள்ளைதான், தொலைபேசியிலே கூப்பிட்டுச் சொன்னாராம்: ‘தம்பி, சொல்லாமல் நின்றுவிடாதே. நின்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். விடுப்புக் கேட்டு எழுது.’

எழுதினார். பீடாதிபதிக்கு ஒரு கடிதம். அதனோடு வைத்தியசாலைத் துண்டு, கிராம சேவகர் கடிதம், தோட்டத்து ஆபீஸ் கடிதம். பீடச் சபையிலே பேசி, ஓராண்டுக் கல்வி விடுப்புக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் பண்டாரவளையிலே ஒரு வன்பொருட் கடையிலே சீமெந்து மூட்டை தூக்கினார். மறு ஆண்டு திரும்பிப் போனபோது கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போயிருந்தார்கள். நின்ற மாதங்களுக்கு உதவிப்பணமும் கிடைக்கவில்லை. ‘முதல் இரண்டு கிழமை விரிவுரை மண்டபத்திலே யாரும் என்னைத் தெரியாதது போலிருந்தது’ என்று எம்மிடம் சொன்னார். ஆனாலும் படித்து முடித்தார். இப்போது ஆசிரியராக இருக்கிறார். நாட்பட்ட வழக்கப்படி இன்னும் அந்தக் கடைக்காரரிடமே வீட்டுக்குச் சாமான் வாங்குகிறார்.

இரண்டு வீட்டிலும் வறுமை ஒன்றே. இரண்டு பிள்ளையும் ஓராண்டு உழைத்தார்கள். ஒருவர் பதியாமல் நின்றார். மற்றவர் பதிந்து, போய், எழுதிக் கேட்டு நின்றார். பதிவதற்கு முன்னே தவணை இல்லை; பதிந்த பின்னே, தக்க காரணமும் தாள்களும் இருந்தால், கேட்டுப் பார்க்க ஒரு வாசல் உண்டு. அதுவும் கேட்டவுடன் கிடைக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. மருத்துவச் சான்றிதழ் போன்ற உறுதியான சாட்சி கேட்பார்கள். பட்டத்தை முடிக்கக் கொடுத்துள்ள கால எல்லையையும் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பீடத்துக்குப் பீடம் ஒழுங்கு வேறுபடும். ஆகவே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர் கைந்நூலிலே விடுப்பைப் பற்றிய பகுதியை வாசித்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பின் மருந்துக்கடை தேடுவதைவிட, கடை எங்கே என்று முன்னே தெரிந்திருப்பது நல்லது.

இங்கே இளைஞர் சிலர் வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எமக்குத் தெரியும். ‘எனக்குக் கிடைத்த பாடநெறி எனக்குப் பிடிக்கவில்லை; இன்னொரு தடவை எழுதி நல்லதற்குப் போகலாமா?’ என்பதுதானே? போகலாம், அது வேறு வகை. மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ சிறிய புள்ளியாலே தவறிய பிள்ளை, வீட்டிலே ஒரு வருஷம் தாங்கும் வல்லமை இருந்தால், துணிந்து எழுதட்டும். ஆனால் ஒரு பாடநெறிக்குப் பதிந்துவிட்டவருக்கு மறுபடியும் விண்ணப்பிப்பதிலே கட்டுப்பாடுகள் உண்டு. அவை அந்தந்த ஆண்டு ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலிலே அச்சாகியிருக்கும்; தமிழிலும் இருக்கும். அதை வாசிக்காமல், டியூஷன் வாசலிலே நின்று ஒருவர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. எம்மிடம் யோசனை கேட்டால், வறிய வீட்டுப் பிள்ளைக்குக் கையிலுள்ள இடத்தை எடு என்றுதான் சொல்வோம். இதை ஏற்றுக்கொள்ளாத உறுப்பினரும் எமக்குள்ளே உண்டு. அவர்கள் ‘தோட்டத்துப் பிள்ளை என்றால் கிடைத்ததை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான மறுமொழி எம்மிடம் இல்லை.

பகிடிவதைக்குப் பயந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் தொல்லை முற்றாக ஒழிந்தபாடில்லை. பயத்தை வெளியே சொல்லுங்கள். அங்கே படிக்கும் நம் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேச்சுக்கு ஏற்பாடு செய்யலாம்.

இனி எமக்கு முக்கியமென்று படும் விஷயத்துக்கு வருகிறோம்.

உண்மையிலே நம் நாட்டிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் இடைவெளி ஆண்டு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, கேளாமலே! 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் தொடங்கிற்று. பெறுபேறு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியிலே வந்தது. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 சனவரியிலே தொடங்கிப் பெறுபேறு செப்டெம்பரிலே வந்தது. அதன் பின் மீள்திருத்தம், விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் போகும். கடைசி வினாத்தாளை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கும் முதல் விரிவுரைக்கும் நடுவிலே ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருக்கிறது. இடம் பறிபோகும் என்ற பயமில்லாத வருஷம் அதுதான். கடைக்குப் போகவேண்டுமா, அப்போது போகட்டும். கடனை அடைக்க வேண்டுமா, அப்போது அடைக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பெறுபேறு வரட்டும் என்று அடுப்படியிலே குந்தியிருந்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு வேலைக்குப் போகிறார்கள். உழைக்க வேண்டிய காலத்திலே காத்திருந்து, போகவேண்டிய காலத்திலே உழைக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே பத்திரங்களையும் சரிபார்த்துவிட வேண்டும். இதை நாம் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழிலே ‘லெட்சுமி’, அடையாள அட்டையிலே ‘லட்சுமி’, பாடசாலை இடாப்பிலே வேறொன்று. தகப்பன் பெயரிலே ஓரெழுத்துக் குறைவு. நம் லயங்களிலே இல்லாத வீடு எது? ஹல்துமுல்லப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளரிடமும் நாலைந்து தடவை நடக்கவேண்டியிருக்கும். பதிவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தொடங்கினால் நடக்கிற காரியமா? உதவிப்பணத்துக்கு வேண்டிய வருமானச் சான்றிதழும் அப்படியே.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். இந்நாட்டிலே 1945இலே இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரை எல்லோரும் வாழ்த்துகிறோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ எழுபதுகளிலேதான். ஒரு தலைமுறை பின்னாலே ஓடத் தொடங்கியவர்கள் நாம். ஆனாலும் இன்று பல்கலைக்கழகத்திலே நம் பிள்ளைக்கும் கற்பித்தற் கட்டணம் கிடையாது. 1981இலே லலித் அத்துலத்முதலி தொடக்கிய மகாபொல நிதியம் இருக்கிறது. அதன் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவாக இருந்து, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது கிடைக்காதவர்க்கு வேறு உதவிப்பணமும் உண்டு. தாயார் கொழுந்தெடுத்துப் பெறும் நாட்சம்பளம் 2021இலே 1,000 ரூபாவாகவும் 2024இலே 1,350 ரூபாவாகவும் ஆனது என்பதை வைத்துப் பார்த்தால், மகாபொல சிறிய தொகையல்ல.

ஆனால் அது முதல் நாளே கைக்கு வராது. விண்ணப்பம், சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு என்று மாதங்கள் செல்லும். அந்த மாதங்களிலேதான் பஸ் செலவு, தங்குமிட முற்பணம், மெத்தை, வாளி, கம்பளி, சப்பாத்து, புத்தகம், நிழற்பிரதி என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நாம் பல வீடுகளிலே விசாரித்துப் பார்த்தோம். ‘நாலு வருஷம் எப்படிச் சமாளிப்பது?’ என்று பேசுகிறார்களே ஒழிய, கூர்ந்து கேட்டால் அவர்களை மறிப்பது நாலு வருஷச் செலவல்ல. முதல் ஆறு மாதச் செலவு. அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்ட பிள்ளை எப்படியோ தாண்டிப் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை டியூஷன் கொடுக்கிறது, விடுமுறையிலே கடைக்குப் போகிறது, மூத்தோர் விட்டுச் சென்ற புத்தகத்தை வாங்கிக்கொள்கிறது. 2005ஆம் ஆண்டிலே நமது பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அங்கே இடம் கிடைத்தால்கூட முதல் ஆறு மாதம் ஆறு மாதந்தான்.

புடவைக்கடைப் பிள்ளையின் கடன் எவ்வளவு என்று பின்னர் கேட்டறிந்தோம். தொகையைச் சொன்னால் இம்மண்டபத்திலே பலர் தலைகுனிய வேண்டிவரும். சென்ற ஆண்டு விழாவின் ஒலிபெருக்கிக்கும் சோடனைக்கும் நாம் செலவிட்டதைவிட அது கூடுதலாக இல்லை.

ஆதலால் எமது நிர்வாகக் குழு இந்த ஆண்டு ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. உழைக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபா போடுவது. அதைத் தனிக் கணக்கிலே வைப்பது. பல்கலைக்கழகத்துக்குப் பதியும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதத்துக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்பது. உத்தியோகம் கிடைத்த பின் வசதிபோல் திருப்பித் தருவது. தானம் என்று சொல்லவேண்டாம். தானம் வாங்க நம் தாய்மார் கூசுவார்கள். கைமாற்று வாங்கக் கூசமாட்டார்கள், அது அவர்களுக்குப் பழகியது. எந்த வீட்டுக்குக் கொடுத்தோம் என்பதைக் கூட்டத்திலே வாசிக்கவும் மாட்டோம்.

அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். மண்சரிவு போன்ற பேரிடரிலே வீடிழந்த பிள்ளைக்கும், குடும்பத்துக்கு உழைக்கும் ஒரே ஆளைப் பதிவுக் காலத்திலே இழந்த பிள்ளைக்கும், தக்க சாட்சியோடு ஓராண்டு இடத்தை வைத்திருக்க ஒரு வழி செய்யுங்கள் என்பது எமது கோரிக்கை. சிங்கப்பூர் தன் இளைஞருக்கு ஈராண்டு வைத்திருக்கும்போது, நாம் ஒரு சிலருக்கு ஓராண்டு வைத்திருப்பது ஆகாத காரியமல்ல. இடத்தை எல்லோருக்கும் தள்ளிவைக்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டுப் பிள்ளையின் இடம் குறைந்துவிடும் என்பதும் எமக்குத் தெரியும். ஆகவேதான் அந்த இரண்டு காரணத்தோடு நிறுத்திக்கொண்டோம். மறுமொழி வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. பிள்ளைகளுக்குக் காலம் இல்லை.

பெரியோர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த காம்பராவிலே ஒரு பிள்ளை தெரிவாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டால், ‘நல்லது’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ‘எப்போது பதியவேண்டும்? திகதி என்ன?’ என்று கேளுங்கள். தாயார் ‘அடுத்த வருசம் பார்க்கலாம்’ என்று சொன்னால், அன்று மாலையே எம்மில் ஒருவருக்குச் சொல்லியனுப்புங்கள். இருட்டிவிட்டாலும் வருவோம்.

வாசலருகே செயலாளர் ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர்களும், பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பவர்களும், தெரிவாகிப் பதியாமல் இருப்பவர்களும் போகும்போது அதிலே பெயரும், லய இலக்கமும், வீட்டிலே யாருடைய தொலைபேசியாவது ஒன்றின் இலக்கமும் எழுதிவிட்டுப் போங்கள். நேற்று மாலை அவர் கொப்பியைத் திறந்து வைத்தபோதே ஐந்து பெயர் விழுந்துவிட்டது. அதிலே ஒரு பிள்ளைக்குப் பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலை அந்த வீட்டுக்குப் போகிறோம்.